பகடை உருட்டும் முன்பே கழிக்கப்பட்ட இரண்டு புள்ளிகள்



உடுமலையில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்துக்குப் போன மாதம் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் ஒரு நோட்டோடு வந்தார்கள். "தமிழ்ல ஒரு கேம் எழுதிட்டு இருக்கோம்ங்க, படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான விளையாட்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். யாளி, கோட்டை, மந்திரம் என்று அருமையாக எழுதியிருந்தார்கள். ஆசையாகத்தான் புரட்டினோம்.

பாத்திரத் தாளில் பெயருக்கு அடுத்த கட்டத்தில் 'குலம்' என்று இருந்தது. மன்னர், வணிகர், ஏவலர். ஏவலர் குலத்தில் பிறந்தால் உடல்வலுவில் இரண்டு கூடும், அறிவில் இரண்டு குறையும், மந்திரம் கற்க அனுமதி கிடையாது.

எழுதிய நால்வரில் இருவர் நம் பிள்ளைகள். அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தன் தலையில் தானே இரண்டைக் கழித்துக்கொள்ளும் விதியை ஒரு சேரிப் பிள்ளை தன் கையால் எழுதுகிறான் என்றால், அந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும்.

பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி வெளிவந்த விளையாட்டு அது. அதன் 1981ஆம் ஆண்டு அடிப்படை விதிநூலில் மனிதப் பாத்திரம் மட்டும் போர்வீரராகவோ, பூசாரியாகவோ, மந்திரவாதியாகவோ, திருடராகவோ ஆகலாம். குள்ளர், எல்ஃப், ஹாஃப்லிங் ஆகியோருக்குப் பிறப்பே தொழில். குள்ளர் 12ஆம் நிலை, எல்ஃப் 10, ஹாஃப்லிங் 8. எத்தனை வருடம் ஆடினாலும் அதற்கு மேல் ஏற முடியாது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தத் தடைகளை எடுத்தது. ஆனால் அதே பதிப்பில் ஹாஃப்-ஆர்க் பாத்திரத்துக்கு வலிமையில் இரண்டு கூட்டி, அறிவில் இரண்டும் வசீகரத்தில் இரண்டும் கழித்தார்கள். 2016இல் வந்த ஒரு துணைநூலிலும் ஆர்க் இனத்துக்கு அறிவில் இரண்டு கழித்தல்தான்.

மீதிப் பாதி நம் ஊர்ச் சரக்கு. பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கும், தொழில் ஏறக்கூடிய படியைத் தீர்மானிக்கும் என்ற விதியை நமக்கு அமெரிக்காக்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்குவது என்று அண்ணல் 1936இலேயே எழுதிவிட்டார். அந்த அடுக்கைத்தான் இந்தப் பிள்ளைகள் கட்டம் போட்டு, எண் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

"வெறும் விளையாட்டுதானே, இதில் எதுக்குங்க அரசியல்?" என்பார்கள். அறிவில் இரண்டைக் கழித்தபோதே அரசியல் உள்ளே வந்துவிட்டது. நாம் கொண்டுவரவில்லை. "அந்தக் காலம் அப்படித்தானே இருந்தது?" என்பது அடுத்த கேள்வி. யாளி பறக்கும், பிணம் எழுந்து நடக்கும், கல் பேசும். ஏவலர் மகள் மந்திரம் படிப்பதை மட்டும் உங்களால் கற்பனை செய்ய முடியவில்லையா? ஏகலைவனின் கட்டைவிரலை வாங்கியது போதாதா? கற்பனையிலும் அவன் விரலில்லாமல்தான் பிறக்க வேண்டுமா?

2016 என்றால் இந்த ஊருக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு மார்ச் 13 அன்று, உடுமலைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யா படுகாயத்தோடு பிழைத்தார். சங்கர் பொறியியல் மாணவர். எந்த விதிநூலிலும் அச்சிடாத, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு விதியை மீறினார்: நீ யாரை மணக்கலாம் என்பதை உன் குலக் கட்டம்தான் சொல்லும் என்கிற விதி. விளையாட்டும் கொலையும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. பிறப்பை வைத்து மனிதருக்கு மதிப்பெண் போடலாம் என்பது பொழுதுபோக்கில்கூடப் பழகிப்போகக் கூடாது என்கிறோம்.

விதி மாறாதா? மாறும். 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு உலகெங்கும் போராட்டம் நடந்தபோது, ஆர்க் போன்ற இனங்களைப் பிறவித் தீயவர்களாகச் சித்திரித்தது தவறு என்ற வகையில் அந்த விளையாட்டின் நிறுவனமே பேசியது. அந்த ஆண்டே ஆர்க்கின் கழித்தல் புள்ளிகளை நீக்கினார்கள். 2024 விதிநூலில் 'இனம்' என்பதற்கான பழைய சொல்லே இல்லை. விளையாடியவர்கள் பல வருடம் கேட்டுக்கேட்டுத்தான் இது நடந்தது.

ஆனால் சொல்லை மாற்றினால் போதாது, தோழர்களே. 2024 நூலில் கூடுதல் புள்ளிகள் 'பின்னணி'யிலிருந்து வருகின்றன. பிரபுப் பின்னணிக்கு அறிவில் புள்ளி கூட்டலாம். உழவர் பின்னணிக்கு வலிமை, உடல் உறுதி, விவேகம் மூன்றில்தான் கூட்டலாம், அறிவில் கூட்ட வழியில்லை. மழையையும் மண்ணையும் பூச்சியையும் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவருக்கு அறிவுப் புள்ளி கிடையாதாம்! பிறப்பு வாசல் வழியாக வெளியேறி, குடும்பத் தொழில் என்ற ஜன்னல் வழியாகத் திரும்பி வரும். நமக்குப் பழக்கமான தந்திரம்தானே?

தமிழில் விளையாட்டு எழுதும் தம்பி தங்கைகளுக்கு நாங்கள் சொல்வது நான்கு. பிறப்புக்குப் புள்ளி போடாதீர்கள், கூட்டலும் வேண்டாம். "இவர்களுக்கு உடல்வலு அதிகம்" என்ற பாராட்டை வைத்துத்தான் நம்மை மூட்டை தூக்க அனுப்பினார்கள். பாத்திரம் கற்றதற்கும் செய்ததற்கும் புள்ளி கொடுங்கள். கதையில் சாதி வரலாம், ஆனால் அது ஆளின் உடம்பில் எழுதிய எண்ணாக வராமல், உடைக்க வேண்டிய கோட்டையாக வரட்டும். கதை தொடங்கும் முன், எந்தக் காட்சி யாருக்கு வலிக்கும் என்று மேசையில் எல்லோரையும் கேளுங்கள். தீண்டாமையை வாழ்ந்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைச் சுவாரசியத்துக்காக நடித்துக் காட்டாதீர்கள்.

அன்று மாலையே பிள்ளைகள் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, அதன் மேலே 'யாரிடம் கற்றாய்?' என்று எழுதினார்கள். பிறகு தாயக்கட்டையை உருட்டி ஆடினோம். பனியன் கம்பெனியில் ஹெல்ப்பராக இருக்கும் ஓர் அக்காவின் மகள் மந்திரவாதியானாள். தாயம் விழுந்தது. கோட்டைக் கதவு திறந்தது.

ஜெய் பீம்.