பெற்றவளைக் கேளாமல் புட்டிப்பால்

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகத் தாய்ப்பால் வாரத்தை முன்னிட்டு நம் ஊரில் நடந்த ஊர்வலத்தின் படத்தையும், அதன் முடிவில் சுகாதார அதிகாரிகள் செய்த பிரசங்கங்களின் சாரத்தையும் தங்கள் பத்திரிகையில் படித்தேன். தாய்ப்பாலின் மகிமையைப் பற்றி அவர்கள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால், நர்ஸிங் மாணவிகள் வெயிலில் அட்டைகளைத் தூக்கிப் பிடித்துக் கோஷமிட்டுக்கொண்டு கடைவீதி வழியே போன அதே காலை வேளையில், அந்த வீதியை ஒட்டிய ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியின் மாடியில், பிறந்து இரண்டு மணி நேரமே ஆகியிருந்த என் கொள்ளுப்பேத்திக்கு, அவளைப் பெற்றவள் அடுத்த அறையில் முழு நினைவோடு படுத்திருக்க, யாரையும் ஒரு வார்த்தை கேளாமல் டப்பாப்பாலைக் கரைத்துப் புகட்டினார்கள் என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிந்துகொள்வது நியாயம் என்று எண்ணியே இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

என் பேத்திக்கு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். அது அவசியந்தானா என்ற விசாரணையில் நான் இப்போது இறங்கவில்லை; அதற்கு வேறொரு கடிதம் வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தபடியால், குழந்தை வீரிட்டு அழுததை அவள் காதாரக் கேட்டாள். முகத்தை ஒரு கணம் காட்டினார்கள், அதையும் கண்ணாரக் கண்டாள். எடை 2.9 கிலோ, ஒரு குறையும் இல்லை என்று குழந்தை டாக்டரே சொன்னார். அப்படியானால் சிசுவைத் தாயின் மார்பில் கிடத்துவதற்கு என்ன தடை என்று நாங்கள் கேட்பதற்குள், ‘அப்ஸர்வேஷன்’ என்று ஒரு சொல்லைச் சொல்லி, நர்ஸரி என்ற கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

இதற்கு நடுவே, பேத்தியின் மாமியார், தங்கள் குடும்ப வழக்கப்படி சேனை தொட்டு வைப்பதற்காகச் சர்க்கரைத் தண்ணீரை ஒரு சிறு வெள்ளிக் கிண்ணத்தில் கலந்துகொண்டு அந்த அறை வாசலுக்குப் போனார். அங்கிருந்த நர்ஸ் அவரைப் பார்த்து, “இந்தக் காலத்துலயும் இப்படிப் பண்ணலாமா பாட்டி? ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது” என்று, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உரத்த குரலில் உபதேசம் செய்தாள். உபதேசம் சரியானதே. சம்பந்தியம்மாள் முகம் சுருங்கித் திரும்பி வந்துவிட்டார். அரை மணி கழித்து நான் அந்தக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தபோது, உபதேசித்த அதே கை, ரப்பர் காம்பு மாட்டிய புட்டியை எங்கள் குழந்தையின் வாயில் செருகிக்கொண்டிருந்தது. ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் அநாசாரம், ஒரு புட்டி மாட்டுப்பால் மாவு சாஸ்திரம்! இந்த சாஸ்திரத்தை எந்தக் கல்லூரியில் போதிக்கிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

கேட்டதற்கு, “இன்னும் பால் ஊறலை பாட்டி, குழந்தை பசியில அழுவுது” என்று பதில் வந்தது. ஊறியதா இல்லையா என்பதைக் குழந்தையை மார்பில் விட்டுப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்? குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும் என்பதும், முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் சில தேக்கரண்டிகளே இருந்தாலும் அன்றைய தேவைக்கு அதுவே போதும், அதுவே நோய்த் தடுப்பும் ஆகும் என்பதும் சர்க்காரே அச்சிட்டுச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் விஷயங்கள். ஆபரேஷன் ஆனவள் எப்படி உடனே பால் கொடுப்பாள் என்று கேட்பவர்களும் உண்டு. பக்கத்தில் ஒருத்தி குழந்தையைப் பிடித்துக்கொண்டால் படுத்தபடியே கொடுப்பாள். அதோடு, 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்துத் தனியார் மருத்துவமனைகளில் நிகழும் பிரசவங்களில் 100-க்கு 60-க்கு மேல் ஆபரேஷனாகவே இருக்கின்றன என்றால், ஆபரேஷனையே சாக்காகச் சொல்பவர்கள், அங்கே பிறக்கும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் ஆகாரம் டப்பாவிலிருந்துதான் என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்றே அர்த்தம்.

மறுநாள் காலை நிறுத்துப் பார்த்ததில் குழந்தையின் எடை 2.75 கிலோ ஆகியிருந்தது. உடனே டாக்டரம்மாள் புருவத்தைச் சுருக்கி, ஒரு டப்பாவின் பெயரைச் சீட்டில் எழுதிக் கீழே உள்ள மருந்துக்கடையில் வாங்கி வரச் சொன்னார். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் தன் எடையில் நூற்றுக்கு ஏழு, சமயத்தில் பத்துப் பங்கு வரையில்கூட இழந்து, பிறகு தானாகவே தேறிக்கொள்வது இயற்கை என்பதை வைத்தியம் படிக்காத நானே அறிவேன். இங்கே குறைந்ததோ ஐந்து பங்குதான். மருத்துவ காரணம் ஏதேனும் இருந்தால் அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று என் பேத்தியின் கணவர் பணிவோடு கேட்டார். எழுதித் தரவில்லை. ஆனால் எடையைக் குறித்துவைக்கும் வழவழப்பான அட்டை ஒன்றைத் தந்தார்கள். அதன் மூலையில், சீட்டில் எழுதியிருந்த அதே டப்பாக் கம்பெனியின் முத்திரை அழகாக அச்சாகியிருந்தது.

இதன் பலன் என்னவென்றால், புட்டிக் காம்பில் சுலபமாகக் குடித்துப் பழகிய குழந்தை தாயின் மார்பில் விட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. பால் ஊறவில்லை என்று சொல்லப்பட்டவளுக்கோ பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகி, குளிர் காய்ச்சல் வந்து, ‘என் குழந்தைக்கு நான் வேண்டாமா பாட்டி?’ என்று அழுதாள். வீட்டுக்கு வந்த பிறகு, பொறுமையாகப் பழக்கிப் பழக்கித்தான் குழந்தையை வழிக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரிப் பில்லில் நர்ஸரி வாடகைக்குக் கீழே ‘ஃபீடிங்’ என்று தனியாக ஒரு தொகையும் கண்டிருந்தது. பெற்றவளின் வாயிலிருந்து சம்மதம் கேட்க நேரமில்லாதவர்களுக்கு, புகட்டிய வேளைகளை எண்ணிக் கணக்கெழுத நேரம் இருந்திருக்கிறது.

இவையெல்லாம் வெறும் மரியாதைக் குறைவு மாத்திரமன்று, ஐயா. ஆஸ்பத்திரி வாசல்களில் மாவுப்பால் கம்பெனிகள் செய்யும் அக்கிரமத்தைத் தடுக்கவேண்டி 1981-இல் உலக சுகாதார சபை ஒரு நெறிமுறையை வகுத்தது. அதைப் பின்பற்றி நம் பாராளுமன்றம் 1992-இல் ஒரு சட்டம் இயற்றி, 2003-இல் அதை மேலும் கடுமையாக்கிற்று. அச்சட்டப்படி, டப்பாவின் மேல் தாய்ப்பாலே குழந்தைக்குச் சிறந்தது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டாக வேண்டும், குழந்தையின் படமோ தாயின் படமோ போடலாகாது, விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் கம்பெனி பரிசோ பணமோ கொடுத்தலாகாது, வைத்தியசாலைக்குள் இந்தச் சரக்கைப் பரப்பும் அட்டையோ சுவரொட்டியோ தலைகாட்டலாகாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறைவாசம் விதிக்கவும் இடமுண்டு. எங்களுக்குக் கொடுத்த அட்டை எந்தச் சட்டத்தின் கீழ் அச்சானது? உள்ளபடியே பால் போதாத தாயும், குறைமாதக் குழந்தையும் உண்டு. அவர்களுக்காகத்தான் 1989-இல் பம்பாய் சயான் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி ஏற்பட்டு, பின்னர் நம் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை உட்படப் பல அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதாகக்கூட எவரும் சொல்லவில்லை.

சரி, சர்க்கார் இருக்கிறதே என்று அட்டையையும் சீட்டையும் பில்லையும் நகலெடுத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். நாற்காலியில் இருந்தவர், ஊர்வலப் படத்தில் முன்வரிசையில் நிற்பவர்களில் ஒருவர்தாம், எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டு, “குழந்தை நல்லாத்தானே இருக்கு, அம்மா? டப்பாப்பால் குடிச்ச பிள்ளைங்கதானே இப்ப இஞ்சினீயரா இருக்காங்க?” என்றார். அம்மை கண்டு பிழைத்தவர்களும் இஞ்சினீயர்களாக இருந்திருக்கிறார்கள். அதற்காக அம்மை குத்துவது வேண்டாம் என்று அந்நாளில் யாரும் விட்டுவிடவில்லை என்று நான் சொன்னேன். பிறகு, இது உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு என்று அங்கே அனுப்பினார். அங்கே இருந்தவர், ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டதாகையால் இது சுகாதாரத் துறையின் பொறுப்பு என்று இங்கே அனுப்பினார். மேடையில் ஒன்றாக நின்று உறுதிமொழி எடுத்தவர்களுக்கு, மேசைக்கு வந்த ஒரு காகிதம் யாருடையது என்பதில் மாத்திரம் உடன்பாடு இல்லை.

கடைசியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் சொன்ன சங்கதிதான் எல்லாவற்றிலும் விசேஷம். இந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, அதற்கென்று அதிகாரம் பெற்ற அதிகாரியோ, சர்க்கார் அறிவிக்கை செய்த தொண்டு ஸ்தாபனத்தின் பிரதிநிதியோ எழுத்து மூலம் புகார் செய்தாலொழிய எந்த நீதிமன்றமும் இவ்வழக்கை எடுத்துக்கொள்ளாதாம். அதாவது, எந்தக் குழந்தைக்காகச் சட்டம் செய்தார்களோ அந்தக் குழந்தையைப் பெற்றவளுக்கு நீதிமன்றப் படியேற உரிமை இல்லை. படியேற உரிமை உள்ளவரோ, குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். திருடனைப் பிடிக்கும் அதிகாரத்தைத் தூங்குகிற காவற்காரனுக்கு மட்டும் எழுதிவைத்து, வீட்டுக்காரனைக் கூச்சல் போடாதே என்று தடுப்பது போன்ற ஏற்பாடு இது. நம் மாவட்டத்தில் இந்தச் சட்டத்தின் கீழ் யாராவது ஒருவர் மீதாவது வழக்குத் தொடர்ந்ததாக இத்தனை வருஷங்களில் தங்கள் பத்திரிகையில் நான் படித்ததில்லை.

ஆகவே, தங்கள் தலையங்கத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுதும்படி வேண்டுகிறேன். 21-ஆம் பிரிவில் பெற்றோருக்கும் புகார் செய்யும் உரிமையைச் சேர்க்கும்படி நம் பாராளுமன்ற உறுப்பினரை வற்புறுத்துங்கள். இந்த மாவட்டத்தில் அச்சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற அதிகாரி யார், அவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கலெக்டர் பகிரங்கமாக வெளியிடட்டும். அதுவரையில், இக்கடிதத்தைப் படிக்கும் கர்ப்பவதிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நான் சொல்வது இதுதான்: ஆஸ்பத்திரியில் சேரும்போதே, எங்கள் எழுத்து மூலமான சம்மதமும், டாக்டர் எழுதிய காரணமும் இல்லாமல் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் புகட்டலாகாது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்; அதன் நகலில் அவர்கள் கையெழுத்தை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி