பாதிக் கச்சேரி, முழுத் தீர்ப்பு

ஜூன் மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால் பிரிட்டனில் ராக் ரசிகர்களுக்குள் வாக்குவாதம் சூடுபிடித்துவிடும். இங்கிலாந்தின் தென்மேற்கே, சாமர்செட் பகுதியில், பில்டன் கிராமத்தை ஒட்டிய வொர்த்தி ஃபார்ம் என்ற பால் பண்ணையில் கிளாஸ்டன்பரி இசை விழா நடக்கும் நாட்கள் அவை. இரண்டு லட்சம் பேர் கூடாரம் போட்டுத் தங்கி, சேறோ வெயிலோ பார்க்காமல் நின்று கேட்கிறார்கள். அதைப் போலப் பல மடங்கு பேர் வீட்டில் உட்கார்ந்து பிபிசியில் பார்க்கிறார்கள். விழா முடிந்ததும் இரு தரப்பும் மோதிக்கொள்ளும். ‘பாடகருக்குக் குரலே எழும்பவில்லை’ என்பார் வீட்டில் பார்த்தவர். ‘அங்கே வந்து நின்று கேட்டுவிட்டுப் பேசு’ என்பார் வயலில் நின்றவர்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது வேலையற்றவர்களின் சண்டையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராக் இசையில் ஒரு குழுவின் உண்மையான பலம் மேடையில்தான் வெளிப்படும். ஸ்டுடியோவில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். திறந்தவெளியில், காற்று வீசும் இரவில், பாதிப் பேர் வேறொரு குழுவைக் கேட்க வந்த கூட்டத்தின் முன்னால் திருத்தத்துக்கு இடமில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தை அலசி ஆராய்வது ஒரு கலையை மதிப்பவர்கள் செய்கிற காரியம். அதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் கச்சேரி முழுவதும் அவர்கள் கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்க வேண்டும். பல ஆண்டுகளாக அது கிடைக்காமல் போயிருக்கிறது. இப்போது புதிய காரணங்களால் மறுபடியும் குறையத் தொடங்கியிருக்கிறது.

பண்ணையாளர் மைக்கேல் ஈவிஸ் 1970 செப்டம்பர் 19 அன்று முதல் விழாவை நடத்தினார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு. பண்ணைப் பால் இலவசம். வந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். 2025 விழாவுக்கு டிக்கெட் 373.50 பவுண்டு, விற்பனைக்கு வந்த அரை மணி நேரத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நடந்த பெரிய மாற்றம் தொலைக்காட்சி. 1994இல் சேனல் 4 முதலில் கேமராவோடு வந்தது. 1997 முதல் பிபிசி. அதற்குப் பிறகு கிளாஸ்டன்பரியைப் ‘பார்த்தவர்களில்’ பெரும்பாலோர் அந்தப் பண்ணையில் கால் வைக்காதவர்கள். 2023இல் எல்டன் ஜானின் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த ஞாயிறு இரவைப் பற்றிய பொதுக்கருத்தை யார் உருவாக்கியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

இரு தரப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை? இரண்டு பேரும் கேட்டது ஒரே ஒலி இல்லை என்பதுதான் முதல் காரணம். மேடையில் இருக்கும் ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வரும் ஒலி அங்கேயே பிரிக்கப்படுகிறது. ஒரு கிளை, கூட்டத்தின் நடுவே மேசை போட்டிருக்கும் ஒலிப்பொறியாளரிடம் போகிறது. அவர் அந்த வயலுக்காக ஒலியைச் சமன்செய்கிறார். இன்னொரு கிளை, மேடைக்குப் பின்னால் நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்குள் போகிறது. அங்கே இன்னொரு பொறியாளர், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்காகவும் ஹெட்போனுக்காகவும் வேறு விதமாகச் சமன்செய்கிறார். வயலில் பேஸ் கிதாரும் டிரம்ஸும் நெஞ்சில் இடிக்கும். பாடகரின் சுருதி சற்று விலகினால் அந்த அதிர்வு மூடிவிடும். வீட்டுக்கு வரும் கலவையில் குரல் முன்னால் நிற்கும். பிசிறு ஒவ்வொன்றும் தெரியும். கூட்டம் தொண்டை கிழியப் பாடுவது அங்கங்கே வைத்த சில மைக்குகள் வழியாகத்தான் வரும். வயலே அதிர்ந்த இடம் வீட்டில் சப்பென்று கேட்கும்.

பால் மெக்கார்ட்னி 2022இல் அங்கே பாடியபோது 80 வயது நிறைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தொலைக்காட்சியில் கேட்ட பலர் குரல் மெலிந்துவிட்டது என்றார்கள். அது பொய்யில்லை. நேரில் கேட்டவர்கள் வாழ்நாளின் மறக்க முடியாத இரவு என்றார்கள். அதுவும் பொய்யில்லை. ஒரு லட்சம் பேர் சேர்ந்து பாடும்போது 80 வயதுக் குரல் தனியாகத் தாங்க வேண்டியதில்லை.

வயலுக்குள்ளேயேகூட எல்லோரும் ஒரே கச்சேரியைக் கேட்பதில்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அரை நொடி தாமதம். பின்னால் இருப்பவர்களுக்காக நடுவில் ஸ்பீக்கர் கோபுரங்கள் நட்டு, மேடை ஒலி அங்கு வந்து சேரும் நேரத்துக்கு ஏற்ப அவற்றைத் தாமதப்படுத்தி ஒலிக்கவிடுகிறார்கள். அதனால் கை தட்டும் கூட்டத்தை மேலிருந்து படம் பிடித்தால், தட்டல் முன்வரிசையில் எழுந்து அலையாகப் பின்னோக்கிப் போவது தெரியும். பின்வரிசைக்காரர் தாளம் தப்பித் தட்டுகிறார் என்று வீட்டில் இருப்பவர் நினைப்பார். தன் காதுக்கு வந்த தாளத்துக்கு அவர் சரியாகத்தான் தட்டுகிறார். காற்று திசை மாறினால் கிதார் ஒலி பக்கத்து வயலுக்குப் போய்விடும். முன்னால் நிற்பவர்களின் கொடிகள் மேடையை மறைக்கும். டிக்கெட் வாங்கியவர் தூரத்துத் திரையில் பார்ப்பதை, டிக்கெட் இல்லாதவர் வரவேற்பறையில் முகத்துக்கு நேராகப் பார்க்கிறார். ‘நான் நேரில் இருந்தேன்’ என்பதால் மட்டும் தீர்ப்பு சொல்லும் உரிமை ஒருவருக்கே போய்விடாது.

1997 ஜூன் 28 இரவை எடுத்துக்கொள்வோம். ‘ஓகே கம்ப்யூட்டர்’ இசைத்தட்டு பிரிட்டனில் வெளிவந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் ரேடியோஹெட் குழு விழாவின் முதன்மை மேடையான பிரமிட் மேடையில் ஏறியது. அந்த ஆண்டு மழையில் பண்ணை முழுக்கச் சேறு. நிகழ்ச்சியின் நடுவே, கலைஞர்கள் தாங்கள் வாசிப்பதைத் தாங்களே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர்கள் செயலிழந்தன. விளக்குகள் கண்ணைக் கூச வைத்ததில் பாடகர் தாம் யார்க்குக் கூட்டமே தெரியவில்லை. மேடையை விட்டு இறங்கிவிடலாம் என்ற எண்ணம் வந்ததாகவும், கிதார் வாசிக்கும் எட் ஓ’பிரையன் தடுத்ததாகவும் பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். விளக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பச் சொன்னார் யார்க். எதிரே அத்தனை முகங்களையும் பார்த்த பிறகு குழு வாசித்த விதமே மாறியது. இசைக்குழு தோல்வி என்று நினைத்த அதே இரவைத்தான், கிளாஸ்டன்பரியின் ஆகச் சிறந்த கச்சேரிகளில் ஒன்றாக ரசிகர்கள் இன்றும் வைத்துப் பேசுகிறார்கள். அந்தப் படப்பதிவு இல்லாமல் போயிருந்தால், மேடையில் நின்றவர்களின் கசப்பும் வயலில் நின்றவர்களின் பரவசமும் மட்டுமே மிஞ்சியிருக்கும். தடுமாறிய குழு எந்த இடத்தில் மீண்டெழுந்தது என்று யாராலும் காட்டியிருக்க முடியாது.

அப்படிக் காட்ட முடியாமலே நீண்ட காலம் கிடந்த ஒரு கச்சேரி உண்டு. டேவிட் போவி 1971இல், இன்னும் பெரிய பெயர் எடுக்காத நாட்களில், இதே பண்ணையில் விடியற்காலையில் பாடியவர். 2000 ஜூன் 25 அன்று, உலகப் புகழோடு திரும்பி வந்தார். சில நாட்களுக்கு முன்பு தொண்டை அழற்சியால் நியூயார்க்கில் ஒரு நிகழ்ச்சியை ரத்து செய்திருந்தார். பழைய வெற்றிப் பாடல்களை இனிப் பாடப்போவதில்லை என்று 1990இலேயே அறிவித்திருந்தவர், அன்று அவற்றை வரிசையாகப் பாடினார். விழா வரலாற்றில் அதற்கு ஈடு இல்லை என்று நேரில் கேட்டவர்கள் சாதித்தார்கள். பிபிசிக்குக் காட்ட அனுமதி கிடைத்ததோ ஏறக்குறைய அரை மணி நேரம். மீதிப் பாடல்கள் பூட்டிவைக்கப்பட்டன. போவி 2016 ஜனவரியில் இறந்தார். முழுப் பதிவு 2018இல் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியில் முழுதாக வந்தது 2020 ஜூனில், பெருந்தொற்றால் விழாவே ரத்தான கோடையில். இருபது ஆண்டுகள்! 2000இல் 15 வயதில் அந்த அரை மணி நேரத்தைப் பார்த்து ஏங்கிய ரசிகருக்கு மீதியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது 35 வயது. பாடியவருக்கு நன்றி சொல்லவும் வழியில்லை, குறை சொல்லவும் வழியில்லை.

இது போவி ஒருவரின் கதை இல்லை. 2009இல் ராக் பாடகர் நீல் யங்கின் நிகழ்ச்சியில் சில பாடல்களை மட்டுமே பிபிசியால் காட்ட முடிந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் 2013இல் முதன்முறையாகக் கிளாஸ்டன்பரிக்கு வந்தபோது, முதலில் சில பாடல்களுக்கு மட்டும் சம்மதித்து, பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு மணி நேரம் வரை இறங்கி வந்தார்கள். கச்சேரியோ இரண்டு மணி நேரத்துக்கு மேல். மெக்கார்ட்னி முழுவதும் காட்டவிட்டார். ஆனால், ஒரு மணி நேரம் தள்ளி.

கலைஞர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒருமுறை ஒளிபரப்பினால் அந்தப் பதிவு காலத்துக்கும் நிற்கும். கச்சேரிப் படமாக விற்கும் வாய்ப்பு போய்விடும். வயலுக்காக வாசித்ததை வேறொருவர் பெட்டிக்காகக் கலந்து கொடுத்து, அதை வைத்து உலகம் தீர்ப்பு எழுதுவதை யாரும் விரும்பமாட்டார்கள். இதையெல்லாம் ஏற்கலாம். ஆனால், மறைப்பதால் அவர்களுக்கு நன்மை நடந்திருக்கிறதா?

1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரியில் லண்டனின் வெம்ப்ளியில் குவீன் குழு வாசித்த 21 நிமிடங்கள் இன்றுவரை கொண்டாடப்படுகின்றன. அதே நாளில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் லெட் செப்பலின் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடி வாசித்தது, சரியாக அமையவில்லை. 2004இல் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அக்குழு சம்மதிக்கவில்லை. அதனால் விவாதம் நின்றதா என்ன? ஒளிபரப்பின்போது வீடுகளில் பதிந்த வீடியோ நாடாக்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. தேய்ந்த படத்தையும் இரைச்சலையும் வைத்துக்கொண்டு, டிரம்ஸ் வாசிக்க வந்த ஃபில் காலின்ஸ் கெடுத்தாரா, ஜிம்மி பேஜின் கிதார் சுருதி சேரவில்லையா, ராபர்ட் பிளான்ட்டின் தொண்டை கட்டியிருந்ததா என்று நாற்பது ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். நல்ல பதிவு பொதுவில் இருந்திருந்தால் பழி ஒரு டிரம்ஸ் கலைஞர் தலையில் மட்டும் இவ்வளவு எளிதாக விழுந்திருக்காது. மறைத்த கச்சேரி மறக்கப்படுவதில்லை. மோசமான நகலில் வாழ்கிறது.

ராக் மட்டும்தான் கிளாஸ்டன்பரி மேடைக்கு உரியதா என்ற சண்டை வேறு இருக்கிறது. 2008இல் ராப் கலைஞர் ஜே-ஸீயை அழைத்தது தவறு என்றார் ஓயாசிஸ் குழுவின் நோயல் கல்லாகர். ஜே-ஸீ அதே ஓயாசிஸின் ‘வொண்டர்வால்’ பாட்டோடு மேடையேறிப் பதில் சொன்னார். 2015இல் இன்னொரு ராப் கலைஞரான கான்யே வெஸ்ட்டை நீக்கிவிட்டு ஒரு ராக் குழுவைப் போடும்படி ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கச்சேரி நடக்கும் முன்பே எழுதப்படும் இத்தகைய தீர்ப்புகளில் எனக்கு மதிப்பில்லை. கேட்ட பிறகு திட்டட்டும்.

இப்போது புதிதாக ஒரு தடை சேர்ந்திருக்கிறது. 2025 ஜூனில் பாப் வைலன் இரட்டையர் மேடையில் இஸ்ரேல் ராணுவத்துக்கு எதிராக எழுப்பிய முழக்கம் பிபிசி நேரலையில் அப்படியே போனது. பெரும் சர்ச்சை; பிபிசி மன்னிப்புக் கேட்டது; அபாயம் மிகுந்தவை என்று கருதும் நிகழ்ச்சிகளை இனி நேரலையில் காட்டமாட்டோம் என்றது. அதே நாளில் அயர்லாந்தின் நீகேப் குழுவை நேரலையில் காட்டாமல், பின்னர் திருத்திய வடிவில் வெளியிட்டது. என்ன நடந்தது? கூட்டத்தில் இருந்த ஒருவரின் கைபேசி வழியாக அந்தக் கச்சேரி ஏராளமான பேரைப் போய்ச் சேர்ந்தது. பொது ஒளிபரப்பாளருக்குச் சட்டப் பொறுப்பு இருக்கிறது. வெறுப்பைப் பரப்ப முடியாது என்பது சரிதான். ஆனால், நேரலையைத் தவிர்ப்பதும் பதிவைக் கத்தரிப்பதும் ஒன்றல்ல. சில மணி நேரம் தள்ளி, எச்சரிக்கையோடு, முழுதாகக் காட்ட வழி இருக்கிறது. ஆண்டுதோறும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் (2025இல் 174.50 பவுண்டு) கட்டும் மக்களுக்கு, தங்கள் பணத்தில் படம்பிடித்ததை முழுதாகக் கேட்கும் உரிமை உண்டு. கலைஞர்களோடு ஒப்பந்தம் போடும்போதே இதைப் பேசி முடிக்க வேண்டும்: முழுக் கச்சேரியும் பதிவாக வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகாவது அது பொதுவில் வர வேண்டும். அந்தக் காலம் ஐந்து ஆண்டா, பத்து ஆண்டா என்று பேரம் பேசிக்கொள்ளட்டும். கலைஞர் இறந்த பிறகு என்று மட்டும் இருக்கக் கூடாது.

2026 பண்ணைக்கு விழா இல்லாத ஓய்வு ஆண்டு. மாடுகள் மேய்வதற்காக நிலத்தை விட்டுவிடுகிறார்கள். இந்த இடைவெளியில் பேசுவதற்கு 2025இன் ஒரு சனிக்கிழமை இரவு போதும். பிபிசியின் கார்ப்பரேட் பிடிக்குள் விழா போய்விட்டது என்று ஜனவரியில் விலகப் பார்த்த நீல் யங், பிறகு மனம் மாறி வந்தார். நேரலை வேண்டாம் என்றிருந்தவர், கடைசியில் அதற்கும் சம்மதித்தார். 79 வயதில், ஒற்றைக் கிதாரோடு ‘சுகர் மவுன்டன்’ பாடித் தொடங்கி, பிறகு குழுவோடு மின்கிதாரை அலறவிட்டார். அதே நேரத்தில் இன்னொரு மேடையில் பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ், இசைக்குழுவே இல்லாமல் தனியாளாக, சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் வழியே வந்த குரலோடு கூட்டத்தை ஆடவைத்தார். இது பாட்டா என்று பழைய ராக் ரசிகர்கள் கொதித்தார்கள். சார்லி அதற்குச் சமூக ஊடகத்தில் பதிலும் கொடுத்தார். யங்கின் கிதார் நீளமாக இழுத்தது என்றார்கள் சிலர். அந்த நீளத்துக்காகத்தான் வந்தோம் என்றார்கள் வேறு சிலர். 2009இல் யங்கைப் பற்றி வீட்டில் இருந்தவர்களால் இப்படிப் பேச முடியவில்லை. இம்முறை, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கிதார் தடம் மாறியது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து மறுத்தார்.