வரியை எடுத்தால் போதுமா?

இந்தியாவும் இலங்கையும் சுங்க வரியை எடுத்தன, ஏற்றுமதி பெருகியது, ஆகவே எல்லா நாடுகளோடும் இப்படியே கதவைத் திறந்துவிடலாம் என்று வாதிடுகிறார் ஒரு கட்டுரையாளர். இந்தியா–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் இணைப்புகளை ஒருமுறை புரட்டியிருந்தால்கூட இப்படி எழுதியிருக்க மாட்டார்.

1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. சலுகையே கிடையாது என்று இந்தியா 429 பொருள்களை ஒதுக்கியது, இலங்கை 1,180. தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ, ஆயத்த ஆடைக்கு 80 லட்சம் உருப்படி என்று உச்சவரம்பு. ஆரம்பத்தில் இவை எந்தத் துறைமுகத்தில் இறங்கலாம் என்பதற்குக்கூடக் கட்டுப்பாடு இருந்தது. இதுவா திறந்த கதவு?

பெருகியது என்கிறாரே, எது பெருகியது? வனஸ்பதி. இந்தியாவில் பாமாயிலுக்கு அப்போது கடும் இறக்குமதி வரி. மலேசிய, இந்தோனேசியப் பாமாயிலை இலங்கையில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சரக்கின் மதிப்பில் 35 சதவீதம் இலங்கையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 100 ரூபாய்க்கு ஏற்றுமதியாகும் வனஸ்பதியில் 65 ரூபாய் வரை வெளிநாட்டு எண்ணெய் இருக்கலாம். சுங்க அட்டவணையில் பாமாயில் ஒரு தலைப்பு, வனஸ்பதி வேறு தலைப்பு. சரக்கின் தலைப்பு மாற வேண்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறிவிடும். ஆலை போட்டவர்களில் இந்திய முதலாளிகளும் உண்டு. 2006-இல் இந்தியா ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. 2008-இல் தன் எண்ணெய் வரியையே வெட்டியதும் அந்த ஆலைகளின் பிழைப்பு போயிற்று. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பி வந்த இந்தச் சரக்கைத்தான் கட்டுரையாளர் வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கிறார்.

எந்த நாட்டுச் சரக்கு என்ற விதி வெறும் காகித வேலை என்று அவர் ஒதுக்கித் தள்ளுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மிளகுக்கு இந்தியாவின் பொது இறக்குமதி வரி 70 சதவீதம். இலங்கை மிளகு என்றால் 2,500 டன் வரை வரியே இல்லை. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று இடுக்கியிலும் குடகிலும் விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் கதறினார்கள். கொடியிலிருந்து பறித்துக் காயவைத்து மூட்டை கட்டிய பிறகு, பார்வைக்கு எல்லாம் கறுப்பு மிளகுதான். அது எங்கே விளைந்தது என்று சொல்ல அந்த ஒரு தாளைத் தவிர என்ன இருக்கிறது? கடைசியில் 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். அதற்குக் கீழே விற்கத் தயாராக இருந்த மாத்தளை விவசாயிக்கும், அவர் மிளகு அசல் இலங்கை மிளகாகவே இருந்தும், வழி அடைபட்டது. தாளைச் சரியாகச் சோதிக்காததற்கு இரண்டு கரை விவசாயிகளும் விலை கொடுத்தார்கள்.

2016-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மறுபடி எடுத்த இந்தியா–இலங்கைப் புதிய ஒப்பந்தப் பேச்சுக்கு இதே வாதத்தை அவர் யோசனையாக வைக்கிறார். மூட்டையைத் திறந்து பார்ப்பது யார், சான்றிதழ் பொய் என்று தெரிந்தால் தண்டனை யாருக்கு? அவர் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.