மனைவி மக்களை விட்டு வந்தவன்

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' என்றதும் மூன்று சூனியக்காரிகள் நினைவுக்கு வருவார்கள். கையைக் கழுவிக் கழுவி ஓயாத சீமாட்டி நினைவுக்கு வருவாள். நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை யார் நினைக்கிறார்கள்? கத்தியில்லை, ரத்தமில்லை, இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டேயிருக்கிறார்கள். நாடகம் போடுகிறவர்களும் இதைத் தாராளமாகக் கத்தரித்து விடுவதுண்டு. ஆனால், வாசகர்களே, கொடுங்கோல் ஆட்சி நல்லவர்களைக்கூட என்ன பாடு படுத்துகிறது என்று அறிய வேண்டுமானால், இந்தக் காட்சியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

விருந்தாளியாக வந்த டங்கன் அரசரைத் தூக்கத்தில் கொன்றுவிட்டு, ஸ்காட்லாந்தின் சிம்மாசனத்தில் ஏறியவன் மாக்பெத். பிரபுக்கள் வீடுதோறும் ஒரு வேலைக்காரனுக்குக் காசு கொடுத்து ஒற்றனாக வைத்திருக்கிறான். டங்கனின் மகன் மால்கம் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருக்கிறான். அவனை அழைத்துப்போக மாக்டப் பிரபு வருகிறான்.

மால்கம் நம்பவில்லை. எப்படி நம்புவான்? அவன் தகப்பனார் நம்பியே கெட்டவர். மனைவி மக்களைத் தனியே விட்டுவிட்டு, விடைகூடப் பெறாமல் ஏன் வந்தாய் என்று மாக்டப்பைக் கேட்கிறான். கொடுங்கோலன் அவர்களைத் தொடமாட்டான் என்று ரகசிய ஏற்பாடோ என்னவோ! மாக்டப்பிடம் பதில் இல்லை.

பிறகு ஒரு விசித்திரமான சோதனை. மால்கம் தன்னைத்தானே தூற்றிக்கொள்கிறான். பெண்ணாசைக்கு அளவில்லை என்கிறான். சமாளிக்கலாம் என்கிறான் மாக்டப். பணத்தாசை என்கிறான்; அதையும் பொறுக்கலாமாம். (நமக்கே மாக்டப் மீது கோபம் வருகிறது!) நற்குணம் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்றதும்தான் அவன் உடைந்துபோய், இவன் ஆள அல்ல, வாழவே தகுதியற்றவன் என்று சீறி, தன் நாட்டை நினைத்துப் புலம்புகிறான். உடனே மால்கம், சொன்னதெல்லாம் பொய் என்கிறான். நல்லதையும் கெட்டதையும் ஒரே மூச்சில் கேட்டவன் வாயடைத்து நிற்கிறான்.

இந்தச் சோதனை ஷேக்ஸ்பியரின் கற்பனையல்ல. ஹாலின்ஷெட்டின் சரித்திர நூலிலிருந்து எடுத்தது. ஆனால் அந்த நூலில், தன் குடும்பம் கொலையுண்டதை மாக்டப் அறிவான். பழிவாங்கவே மால்கத்திடம் வருகிறான். அப்படிப்பட்டவனை நம்புவது சுலபம். ஷேக்ஸ்பியர் வரிசையை மாற்றிவிட்டார். முந்தின காட்சியிலேயே அவன் மனைவி அவனைத் துரோகி என்று நொந்துகொள்வதையும், கொலைகாரர்கள் கோட்டைக்குள் நுழைவதையும் நாம் பார்த்தாயிற்று. மால்கம் சந்தேகத்துடன் கேள்வி கேட்கும்போது நமக்குத் தெரியும், மாக்டப்புக்குத் தெரியாது.

ராஸ் வருகிறான். மனைவி எப்படி இருக்கிறாள் என்ற கேள்விக்கு, நலம் என்று முதலில் மழுப்புகிறான். உண்மை தெரிந்ததும், எல்லோருமா, எல்லோருமா என்று மாக்டப் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஆண்பிள்ளையாகத் தாங்கிக்கொள் என்கிறான் மால்கம். ஆண்பிள்ளையாக உணரவும் வேண்டாமா என்கிறான் அவன். அவர்கள் செத்தது தங்கள் குற்றத்துக்காக அல்ல, தன் குற்றத்துக்காக என்கிறான்.

ஏன் விட்டு வந்தான் என்பதை மட்டும் அப்போதும் சொல்லவில்லை.