மொட்டைமாடி யந்திரமும் கிட்டங்கிச் சரக்கும்

தூத்துக்குடிக் கரையோரத்து நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யும் பொருட்டுச் சென்ற ஐப்பசியில் போயிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அதன் விற்பனைக் கூடத்து மொட்டைமாடியில் பெரிய தகரப் பெட்டி போன்ற குளிர்சாதன யந்திரம் ஒன்று புதிதாக நிறுவப்பட்டிருந்தது. குளிரூட்டவும் வெப்பமூட்டவும் வல்லது அது. காரியதரிசி நம்மைக் கூடத்துக்குள் அழைத்துச் சென்று, சுவரில் பதித்த கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பெருமிதத்துடன் காட்டினார். “18 டிகிரியில் வைத்திருக்கிறோம், ஐயா. வருகிறவர்கள் எல்லாரும் மெச்சுகிறார்கள்” என்றார். பிற்பகல் சரக்கிருப்பைச் சரிபார்க்க அலமாரிகளைத் திறந்தோம். கஞ்சி போட்டு மடித்த வேட்டிகளின் மடிப்புகளில் கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. யந்திரம் வாங்குவது சரக்கைக் காப்பதற்கே என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்தது!

யந்திரத்தில் பழுது ஏதும் இல்லை. அதற்கு இட்ட கட்டளைதான் பிழை. இத்தகைய யந்திரத்தில் கூல், ஹீட், ஃபேன், ஆட்டோ என்று இயக்க முறைகள் உண்டு. சிலவற்றில் டிரை என்பதும் இருக்கும். காற்றாடிக்கென்று ஆன், ஆட்டோ என இரு நிலைகள் கொண்ட வேறொரு விசையும் உண்டு. வாங்குகிறவர்கள் முதலாவதைப் பற்றி விற்பனையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நாம் சொன்ன சங்கத்தில் அந்த இரண்டாம் விசை இரவு பகலாக ஆன் நிலையிலேயே இருந்தது.

அதனால் விளைவது என்ன? குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் அரும்புவதை நாம் அறிவோம். அவ்வாறே, கூடத்துக் காற்று யந்திரத்தின் குளிர்ந்த குழாய்களைத் தொட்டுச் செல்லும்போது, அதிலுள்ள ஈரம் துளிகளாகி வடிகுழாய் வழியே வெளியேறுகிறது. குறித்த குளிர்ச்சி வந்ததும் அழுத்தி நின்றுவிடும். குழாய்களிலும் தகடுகளிலும் கொஞ்சம் நீர் தங்கியிருக்கும். அப்பொழுது காற்றாடியும் நின்றால் அந்நீர் மெல்ல வடிந்து போகும். காற்றாடி சுழன்றுகொண்டே இருந்தால், பிடித்த நீரைத் திரும்பவும் கூடத்துக்குள்ளேயே ஆவியாக அனுப்பிவிடும். நம் கரையைப் போலவே புழுக்கம் மிகுந்த அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், அங்குள்ள சூரிய ஆற்றல் மையத்தார் இதனை விரிவாகச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். கூடம் சிறியதாய் யந்திரம் மிகப் பெரியதாய் இருந்தால் தீங்கு இன்னும் அதிகம். சில நிமிடங்களில் குளிர வைத்துவிட்டு, ஈரம் வடிவதற்குள் அது நின்றுவிடும். ‘சற்றுப் பெரியதாகவே வாங்குவோம்’ என்னும் நிர்வாகக் குழுக்களின் வழக்கமான தாராளம் இவ்விடத்தில் நஷ்டத்துக்கே வழி.

18 டிகிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ்வளவு குளிர்ந்த துணியின் மேல், காலையில் கதவு திறந்ததும் கடற்காற்று படிந்தால், செம்பில் அரும்பிய நீர் வேட்டியில் அரும்பும். அறைகளில் வைக்கும் குளிர்சாதனங்கள், தாமாக 24 டிகிரியில் தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் நூற்றுக்கு 6 பங்கு அளவில் மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறுகிறது. மொட்டைமாடி யந்திரம் அவ்விதிக்குள் வராது. ஆகவே காரியதரிசியின் விரலே அதற்கு விதியாகிறது.

குளிர்சாதனம் என்றாலே குளிர்ச்சி என்று நினைத்துவிடுகிறோம். அதன் வரலாறு வேறு. 1902-இல் காரியர் என்னும் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் அச்சகம் ஒன்றுக்காக முதல் யந்திரத்தை வகுத்தது, காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுப்பதற்காகவே. ‘ஏர் கண்டிஷனிங்’ என்னும் பெயரை 1906-இல் வழங்கிய கிரேமர் என்பவரோ நூலாலைகளுக்கு ஈரம் ஊட்டும் வேலையில் இருந்தவர். காற்று வறண்டால் இழை அறும். நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குழித்தறியின் குழி தரும் ஈரமும், வெயிலேறுமுன் பாவுக்குக் கஞ்சி போடும் வழக்கமும் இந்த அறிவிலிருந்து வந்தவையே. தறியில் ஈரம் வேண்டும், கிட்டங்கியில் ஈரம் கூடாது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தவர்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கண்டு அஞ்சுவானேன்?

இனி ஹீட் என்னும் முறை. குளிர்பொருளின் ஓட்டத்தைத் திருப்பி, வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருவது அது. உதகமண்டலத்தில் பயன்படும். தூத்துக்குடியில் மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அதற்கென்று அங்கத்தினர் பணத்தைக் கூடுதலாகக் கொடுப்பது வீண். ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூடம் தானாகவே 25 டிகிரிக்கு வந்துவிடும். கூல் முறையில் யந்திரம் வேலை முடிந்ததென்று ஓய்ந்திருக்கும். ஈரமோ உச்சத்தில் நிற்கும். பூஞ்சணம் பிடிப்பது அப்பொழுதுதான். காற்றைக் குளிரவைத்து நீரைப் பிழிந்தபின், யந்திரம் வெளியே எறியும் வெப்பத்தாலேயே அதனைச் சற்றுச் சூடாக்கி அனுப்பும் அமைப்புடைய யந்திரங்கள் உள்ளன. சரக்கு வைக்கும் சங்கம் ஹீட் என்பதை விட்டு இந்த அமைப்பைக் கேட்டு வாங்குவதே முறை என்பது நம் கருத்து.

இக்கரையில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். கடல் அடங்கியிருக்கும் பருவம் பார்த்தே அன்று குளிப்பு நடந்தது. அந்தப் பருவ அறிவு இன்றும் இங்குள்ளோரிடம் இருக்கிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று வறண்டு வீசும்போது வைத்த நிலையிலேயே மழைக்காலத்திலும் யந்திரத்தை விட்டுவைப்பது நமக்குத் தகாது. வெளிக்காற்றை உள்ளே விடும் கதவு ஒன்று யந்திரத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் அதை அகலத் திறந்து வைத்திருந்தார்கள்! மூச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் திறந்தால் போதும். துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் அருகிலுள்ள மாடிகளில் உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடுமாதலால், அரிப்புத் தடைப் பூச்சு உள்ளதை வாங்கி, மாதமொரு முறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இதற்கு ஆள் எவர் என்று எழுதிவைக்காத சங்கத்தில் எவரும் கழுவமாட்டார்கள்.

விளைவிப்போர் சங்கங்களுக்கும் இது பொருந்தும். விளாத்திகுளத்து வற்றலும் உடன்குடிக் கருப்பட்டியும் ஈரத்தை இழுப்பவை. வாழைத்தாரோ 13 டிகிரிக்குக் கீழே கன்றிப் போகும். அதற்கு வேண்டியது முறையான குளிர்பதனக் கிடங்கு. மொட்டைமாடி யந்திரத்தை நம்பி வாழைத்தாரை வைக்கலாகாது.

வாடிக்கைக்காரருக்குக் குளிர்ச்சி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், எதிர்க்கடையில் இருக்கும்போது நம் கடையில் புழுங்கினால் சேலை விற்காது. ஆனால் வாடிக்கைக்காரர் கூடத்தில் இருப்பது அரைமணி நேரம். துணி கிட்டங்கியில் கிடப்பது மாதக்கணக்கில். அங்கே ஒரு காற்றாடிகூட இல்லை. புள்ளி விழுந்த வேட்டியைத் தள்ளுபடியில் தள்ளும்போது குறைவது சங்கத்தின் லாபம். அதிலிருந்து வரவேண்டிய பங்கு ஈவும் போனசும் தறியில் இருப்பவருடையவை. முதல் யந்திரம் கிட்டங்கிக்குத்தான் போயிருக்க வேண்டும்.

அச்சங்கத்தார் இப்போது இரண்டாம் யந்திரம் வாங்க எண்ணுகிறார்கள். அடுத்த பொதுச்சபையில் அது வருகிறது. காரியதரிசி நல்லவர், நாம் சொன்னதைக் குறித்துக்கொண்டார். காற்றாடி விசையை ஆட்டோவுக்கும் குளிர்ச்சியை 25-க்கும் அன்றே மாற்றினார். காற்றில் ஈரம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் உப்பு கசியும். அளத்து உப்பு இன்னும் முன்பே கசிந்துவிடும். ஆகவே புறப்படுமுன் ஒரு தட்டில் கல்லுப்பைக் கொட்டிக் கிட்டங்கியின் மூலையில் வைத்தோம். மறுநாள் காலை தொலைபேசியில் கேட்டோம்; தட்டில் நீர் நின்றதாம். பொதுச்சபை கூடும் அன்று அந்தத் தட்டை மேசைமேல் கொண்டுவந்து வைக்கும்படி சொல்லியிருக்கிறோம்.