ரிமோட் யார் கையில்?

மக்களே, பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் ஹாஸ்டல்ல ஒரே பேச்சு, முதல் சம்பளத்துல என்ன வாங்கலாம்னு. பாதிப் பேர் லிஸ்ட்ல வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் இருக்கு. நான் இன்டர்ன்ஷிப் பணத்துலயே அதைச் செஞ்சு பார்த்துட்டேன். அந்த உரிமையில ஒண்ணு சொல்றேன்: என்னென்ன வசதி இருக்குன்னு பார்த்து வாங்காதீங்க. வீட்டுல யார் அதைப் போடப்போறாங்கன்னு பார்த்து வாங்குங்க.

எங்க ஊர் ஒரத்தநாடு பக்கம். 2006-ல் வந்த இலவச கலர் டிவி திட்டம் ஞாபகம் இருக்கா? அந்த 14 இன்ச் டிவியிலதான் எங்க அப்பாயி டிவி போடவே கத்துக்கிட்டாங்க. படிக்கத் தெரியாது. ஆனா எந்த பட்டன் எங்க இருக்குன்னு அவங்க விரலுக்குத் தெரியும். காலையில பக்திப் பாட்டு, சாயங்காலம் சீரியல்.

போன பொங்கலுக்கு நான் 43 இன்ச் டிவியும் ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸும் வாங்கி, சித்தப்பாவோட பழைய 5.1 ஸ்பீக்கரையும் சேர்த்து மாட்டினேன். மொத்தம் மூணு ரிமோட். அறுப்புக்கு வந்திருந்த சொந்தக்காரங்க எல்லாம் "தியேட்டர் மாரியே இருக்கு"ன்னாங்க. அடுத்த லீவுக்குப் போனா, அப்பாயி பக்கத்து வீட்டுல உட்கார்ந்து சீரியல் பார்க்குறாங்க. "உங்க டிவி நல்லாத்தாம்ப்பா இருக்கு. எனக்குத்தான் போடத் தெரியல."

உங்க டிவி! அதுவரைக்கும் அது அவங்க டிவி.

"சொல்லிக் கொடுத்தா கத்துக்குவாங்க"ன்னு நீங்க சொல்லலாம். ரெண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன், கத்துக்கிட்டாங்க. அப்புறம் ஒரு அப்டேட் வந்து முகப்பே மாறிப்போச்சு. தப்பு அவங்களோடது இல்ல.

தொழில்நுட்பத்துலயும் நான் சறுக்கினேன். பாக்ஸ் அட்டையில 4கே-ன்னு போட்டிருந்துச்சு. ஆனா வைட்வைன் எல்1 சான்று இல்லாத, எல்3 மட்டும் உள்ள பாக்ஸ்ல நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப்கள் 480பி-க்கு மேல படம் தராது. வாங்கும்போது 4கே-வை விட இதைத்தான் முதல்ல பார்க்கணும். அடுத்து நெட். 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் வேணும்னு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது. எங்க வீட்டுச் சுவர் தடிமனுக்கு வைஃபை உள் ரூமுக்கே வரல. ஒரு லேன் கேபிள் இழுத்ததும் சரியாச்சு. பழைய ஸ்பீக்கரையும் தூக்கிப் போட வேணாம். அதுல ஆப்டிகல் போர்ட் இருந்தா டிவியில இருந்து டால்பி 5.1 அதுலயே போகும். சிவப்பு-வெள்ளை பின் மட்டும்தான்னா ஒரு சின்ன கன்வர்ட்டர் போதும், ஆனா ஸ்டீரியோவாத்தான் கேட்கும்.

பாட்டுக்கு நெட் அவசியமான்னும் யோசிங்க. 2017-ல் வந்த சாரேகாமா கார்வான் ஞாபகம் இருக்கும். உள்ளேயே 5000 பாட்டு, திருப்ப ஒரு குமிழ். ஸ்ட்ரீமிங் காலத்துல இது எதுக்குன்னு நாம சிரிச்சோம். வீட்டுப் பெரியவங்க வச்சுக் கேட்டாங்க. மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வர்ற டெல்டாவுல, மோடம் முழிக்கிறதுக்குள்ள காலைப் பாட்டு நேரமே முடிஞ்சிடும்.

கடைசியில நான் பாக்ஸைக் கழட்டிட்டு, டிவியையும் ஆன் பண்ற ஒரே ரிமோட் உள்ள ஸ்டிக் மாட்டினேன். முகப்புல முதல் கட்டம் அவங்க சீரியல் சேனல். பக்திப் பாட்டு எல்லாம் பென்டிரைவ்ல, ஸ்பீக்கரோட யுஎஸ்பி-யிலயே. ஒரு பட்டன்தான், அதுல சிவப்பு நெயில்பாலிஷ் வச்சிருக்கேன். இப்ப அப்பாயி தானே போட்டுக்குறாங்க.

நாம படிக்கிற யூசர் இன்டர்ஃபேஸ் பாடத்துக்கு இதைவிடப் பெரிய லேப் எக்ஸாம் கிடையாது. அதனால கடையில பில் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: நீங்க பஸ் ஏறினதுக்கு மறுநாள் காலையில, நீங்க இல்லாத வீட்டுல அதை யார் போடுவாங்க?