துப்பறிவது யார்?

துப்பறியும் நாவலின் இறுதி அத்தியாயத்தில், எல்லோரையும் ஒரு கூடத்தில் அமர்த்திக் கொலையாளியைத் துப்பறிவாளர் சுட்டிக்காட்டும்போது நாம் வியக்கிறோம். கூடவே சிறு ஏமாற்றமும் எஞ்சுகிறது. சிந்தித்தவர் அவர், நாம் உடன் நடந்தவர்கள் மட்டுமே. மர்மக் கணினி விளையாட்டுகள் ஒருவரை இரவு நெடுக விழித்திருக்கச் செய்வதன் காரணத்தை இந்த ஏமாற்றத்திலிருந்துதான் தேடத் தொடங்கவேண்டும்.

லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 1802இல் லண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமல்போன வணிகக் கப்பல், 1807இல் உயிருள்ள எவருமின்றித் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக நாம் அதில் ஏறுகிறோம். கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஏட்டில் பதியவேண்டும். நம்மிடமுள்ள மாயக் கடிகாரம் ஒவ்வொரு மரணத்தின் கணத்தையும் உறையவைத்துக் காட்டும், விளக்கம் சொல்லாது. பேச்சின் சாயல், உடை, தூங்கும் ஏணையின் எண் ஆகியவற்றைக்கொண்டு நாமே ஊகிக்கவேண்டும். மூவரின் முடிவைச் சரியாக எழுதிய பிறகே விளையாட்டு அதை உறுதிசெய்கிறது. குருட்டாம்போக்கில் எழுதுபவருக்கு அது எளிதில் வழிவிடாது.

சாம் பார்லோவின் 'ஹெர் ஸ்டோரி' (2015) இன்னும் சிக்கனமானது. 1994இல் காவல்துறை விசாரித்த ஒரு பெண்ணின் காணொளித் துண்டுகள், தேடுவதற்கு ஒரு பெட்டி, அவ்வளவே. அவள் சொன்ன ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அடுத்ததைத் தேடுகிறோம். எத்தனை துண்டுகளில் அச்சொல் இருந்தாலும் முதல் ஐந்து மட்டுமே திறக்கும். நம் முடிவு சரியா என்று யாரும் சொல்வதில்லை. புரிந்துவிட்டது என்று நாமே தீர்மானித்து எழுந்துகொள்ளவேண்டும்.

புள்ளிகளும் பதக்கங்களுமே ஆடுபவரை உந்துகின்றன என்பது பரவலான எண்ணம். நாம் இதை ஏற்பதற்கில்லை. ஓப்ரா டின்னிலும் கடைசியில் மிஞ்சும் சில பெயர்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கும் குறுக்குவழி உண்டு. பதிவேடு நிறைந்துவிடும், ஆனால் அவ்வெற்றி ருசிப்பதில்லை. பரிசு ஒன்றாகவே இருக்க, மகிழ்ச்சி மட்டும் ஏன் குறைகிறது? நம்மை இழுத்துவந்தது விடையன்று. அதை நாமே கண்டடைந்தோம் என்னும் உரிமை.

உரையை நாடாமல் ஒரு பழம்பாடலின் பொருள் தானாகத் துலங்கும் கணத்தை அறிந்த வாசகருக்கு இவ்வின்பம் புதிதன்று. ஆடுபவரின் அறிவை நம்பாமல், போகும் திசைக்கெல்லாம் அம்புக்குறி இடும் விளையாட்டுகள் அவருக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு அந்தக் கணத்தையே பறித்துவிடுகின்றன. நல்ல மர்மம், நல்ல கவிதையைப் போலவே, நம்மை நம்பி மௌனம் காக்கிறது. அந்த மதிப்புக்காகவே நாம் மீண்டும் அதனிடம் செல்கிறோம்.